இடிதாங்கிக்கு வைத்த பேனர்

கள்ளக்குறிச்சி நான்கு முனைச் சந்திப்பில் ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் மூன்று பேனராவது வைத்துவிடுவார்கள். காது குத்துக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று. முதலாவதில் அழுதுகொண்டிருப்பான், இரண்டாவதில் கூலிங்கிளாஸ் போட்டிருப்பான், மூன்றாவதை அவன் பார்க்கப் போவதில்லை. கண்டுபிடிப்புக்கென்று பேனர் வாங்கியவன் அந்த ஊரில் ஜெயப்பிரகாஷ் ஒருவன்தான். அதனால்தான் கெட்டான்.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பேக்கரிக்கும் உரக்கடைக்கும் நடுவில் அவனுடைய கடை. டிவி, செட்டாப் பாக்ஸ், போர் மோட்டார் ஸ்டார்ட்டர் எதுவானாலும் கருகிப்போய்த்தான் உள்ளே வரும். கோடை மழைக்காலத்தில் கடை முழுக்கக் கருகல் வாசனைதான். அதை முகர்ந்து முகர்ந்து, பக்கத்து பேக்கரியில் பன் தீய்ந்தால்கூடத் தன் கடையில்தான் ஏதோ போய்விட்டதென்று எழுந்து தேடுவான்.

நாலு கோடைக்கு முன்னால் அந்தச் சாமானைச் செய்து முடித்தான். மின்சாரம் திடீரென்று எகிறினால் அதை வாங்கி விழுங்கிப் பூமிக்குள் அனுப்புகிற நீல வில்லை ஒன்று எல்லாக் கருவியிலும் இருக்கிறது. அது உலகம் அறிந்த சங்கதி. விழுங்கி விழுங்கி ஒருநாள் அந்த வில்லையே சூடேறித் தீப்பிடித்துவிடும். அதுவும் உலகம் அறிந்ததுதான். ஜெயப்பிரகாஷ் அதன்மேல் ஒரு செம்புக் கையை, சீக்கிரம் உருகும் ஈயத்தால் ஒட்டி வைத்தான். வில்லை சூடானால் ஈயம் உருகும், கை விடுபட்டு எழும்பும், எழும்புகிற வேகத்திலேயே நடுவில், தீக்கு உருகாத மைக்கா தகடு ஒன்று விழுந்து தீப்பொறியை மறைத்துவிடும். வெளியே சிவப்பு காட்டும். அவ்வளவுதான். ஊரில் அதற்கு இடிதாங்கி என்று பெயராகிவிட்டது. இது இடிதாங்கி இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய், கடைசியில் அவனே அப்படித்தான் சொன்னான்.

பேனர் வைத்தது தம்பி அன்புச்செல்வன். கடையில் சாமான் வாங்கிப் போடுவது, மலைக்குப் போய்ப் பொருத்துவது, வாய் பேசுவது மூன்றும் அவன் பொறுப்பு. 'மின்னலை மடக்கிய மேதையே, வருக வருக!' என்று போட்டிருந்தான்.

"ஊர்லயே கெடக்கறவன இன்னாத்துக்குடா வருக வருகன்றீங்க?" என்றாள் அம்மா தைலம்மாள்.

"எல்லா பேனர்லயும் அப்டித்தாம்மா போடுவாங்க. செத்தவனுக்கு மட்டுந்தான் போட மாட்டாங்க."

நடுவில் அண்ணன் முகத்தைப் பெரிதாகப் போடலாம் என்றுதான் அன்பு சொன்னான். ஜெயப்பிரகாஷுக்குக் கூச்சம். "எம் மூஞ்சி வேணான்டா. சாமானப் போடு" என்று, சாமானின் உள்ளே இருப்பதையெல்லாம் காட்டும் வெட்டுத்தோற்றப் படத்தைத் தானே பென் டிரைவில் போட்டுக் கொடுத்தான். மைக்கா தகடு எடுப்பாகத் தெரியட்டும் என்று அதற்கு மஞ்சள் நிறம் கொடுக்கவும் சொன்னான். மூஞ்சியைப் போட்டிருந்தால் பின்னால் கேட்கப்போகிற பேட்டென்ட் பிழைத்திருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அடக்கமாக இருந்தான், அதற்கு இந்தத் தண்டனை.

ஒரு பேனர் நான்கு முனையில் நின்றது. இன்னொன்றைக் கல்வராயன் மலைக்கு எடுத்துப்போய், முதல் சாமானைப் பொருத்திய செல்லன் வீட்டுச் சுவரில் கட்டினார்கள். அங்கே வைத்துத்தான், இருட்டியபின் வாசல் விளக்கைப் போட்டு, அன்பு செல்போனில் வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றினான். மறு வருஷம் அவனேதான், "ண்ணா, இத பேட்டென்ட் போட்டே ஆவணும். எவனாவது அடிச்சிக்கினு பூடுவான்" என்று சென்னைக்கும் ஓசூருக்கும் அலைந்தான். பேட்டென்ட் கிடைத்தால் உங்கள் பெயரிலேயே செய்து விற்கிறோம் என்று ஓசூரில் ஒரு கம்பெனி சொல்லியிருந்தது. விண்ணப்பம் வரிசையில் உட்கார்ந்தது. அன்புவுக்கு இடையில் கல்யாணமும் ஆனது.

போன மாசியில், உளுந்தூர்பேட்டை தாண்டி நெடுஞ்சாலையில், லாரி. அன்புவோடு செல்போனும் சேர்ந்து நசுங்கிப்போனது. அஞ்சலி பேனருக்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லை. பேனர் அடிக்கிற சின்னராசு தன் கம்ப்யூட்டரில் தேடி, இடிதாங்கி பேனரின் அடி வரிசையில் இருந்த அன்புவின் கூலிங்கிளாஸ் படத்தை எடுத்துப் பெரிதாக்கினான். செத்தவன் சிரித்துக்கொண்டு இரண்டு விரலைக் காட்டினான்.

அதற்குப் பிறகு ஜெயப்பிரகாஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவனுக்கு ஆனது. அழுகை வரவில்லை, தூக்கம் கெடவில்லை, களி வைத்தால் களி தின்றான், சோறு வைத்தால் சோறு தின்றான். அவன் மனைவி மணிமொழி, "உப்பே போடல, எதுவும் சொல்லாம துன்றீங்களே" என்றபோதுதான் உப்பில்லை என்று தெரிந்தது. உள்ளே ஏதோ ஒரு கை விடுபட்டு, நடுவில் ஒரு தகடு விழுந்துவிட்டது என்று தானே நினைத்துக்கொண்டு, சொந்தச் சரக்கை இதற்கும் இழுக்கிறோமே என்று வெட்கப்பட்டான்.

சித்திரையில் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஹியரிங் நோட்டீஸ் வந்தது. இதற்கு முன் வந்த அறிக்கையில் அமெரிக்காக்காரன் ஒருவனுடைய பேட்டென்டையும் சீனாக்காரன் ஒருவனுடையதையும் காட்டி, 'இதில் புதுசு என்ன' என்று கேட்டிருந்தார்கள். மைக்கா தகடு அந்த இரண்டிலும் இல்லை என்று பதில் எழுதி பேட்டென்ட் ஏஜென்ட் ராமசாமி சமாளித்திருந்தார். இப்போது மூன்றாவதாக ஒன்று. விண்ணப்பத்தைச் சோதிக்க உலகம் பூராவும் தேடிய எக்ஸாமினர், கடைசியில் செல்லன் வீட்டு வாசலில் வந்து நின்றிருந்தார். அன்புவின் வீடியோ.

சென்னையிலிருந்து ராமசாமி போனில் பேசினார். "விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடியே ஊருக்குச் சொல்லிட்டா அது புதுசு இல்லைங்க, ஜெயப்பிரகாஷ். நீங்களே சொன்னாலும் அதே கதைதான்."

"என் சாமான நானே திருடிட்டேன்றாங்களா சார்?"

"ஏறக்குறைய. ஆனா சட்டத்துல ஒரு வழி இருக்கு. உங்ககிட்ட இருந்து எடுத்து, உங்க சம்மதம் இல்லாம வேற ஒருத்தர் வெளியிட்டிருந்தா, அது கணக்குல வராது. வெளியிட்டது உங்களுக்கே இப்பதான் தெரிய வந்ததுன்னும் காட்டணும். நீங்க சம்மதம் குடுத்தீங்களா?"

"நான்கு முனையில பேனரே நின்னுது சார்."

"அவங்க கையில இருக்கறது வீடியோ மட்டும்தான். நான்கு முனை அவங்களுக்குத் தெரியாது. வீடியோ எடுத்தவர் யாரு?"

"தம்பி. தவறிட்டாரு."

"சொன்னீங்க. வருத்தமா இருக்கு." அவருக்கு உண்மையிலேயே வருத்தமாகத்தான் இருந்தது. "ஒரு அஃபிடவிட் போடணும், சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறது. வீட்டுல ஒருத்தரும், வீடியோ எடுத்த இடத்துல இருந்தவர் ஒருத்தரும் எழுதிக் குடுத்தா பலமா இருக்கும். தப்பா நினைக்காதீங்க."

அவன் தப்பாக நினைக்கவில்லை. எதையாவது நினைத்தால்தானே.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சொன்னான். அன்பு, அண்ணனுக்குத் தெரியாமல் படத்தை எடுத்துப்போய்த் தானாகவே வீடியோ போட்டுவிட்டான் என்று எழுதவேண்டும். எழுதினால் பேட்டென்ட் கிடைக்கலாம், ஓசூர்க்காரன் செய்வான், அன்பு ஆசைப்பட்டதும் அதுதான். சொல்லிவிட்டு, யாராவது தட்டைத் தூக்கி எறிவார்கள் என்று காத்திருந்தான். யாராவது சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எழுதிக்கங்க மாமா" என்றாள் அன்புவின் மனைவி தனுஷா. "நான் கையெழுத்துப் போட்றேன். அவருக்கு இன்னா, இனிமே."

"திருட்டுப் பையன்னு எழுதணுமா?" என்றாள் தைலம்மாள்.

"அப்டிலாம் இல்லம்மா. சம்மதம் இல்லாமன்னு."

"சின்னதுல ஒன் சட்டைய ஒன்னக் கேக்காமதான் போட்டுக்கினு போவான். அத எழுது. அதாச்சும் நெசம்." மணிமொழி எல்லோர் தட்டிலும் இன்னொரு கரண்டி கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

மறுநாள் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினான். கோமுகி அணையில் தண்ணீர் இறங்கிப்போய்க் கரை வெடித்துக் கிடந்தது. பரிகம் தாண்டி வளைவுகள் தொடங்கியதும் காற்று மாறியது. வெள்ளிமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த மேகத்தைப் பார்த்ததும் அன்பு பின்னாலிருந்து, "ண்ணா, பிசினஸ் வருது பாரு" என்பான். இன்று பின் சீட்டில் சாமான் பைதான் ஆடிக்கொண்டு வந்தது.

வெள்ளிமலைக்கு அந்தப்புறம், ரோடு முடிகிற இடத்தில் செல்லன் வீடு. முன்பு ஒரு கோடையில் இடி இறங்கி, மீட்டர் பக்கத்துச் சுவரில் பிடித்த தீ கூரையில் பாதியைத் தின்றுவிட்டுப் போன வீடு. அதனால்தான் முதல் சாமான் அங்கே போனது. அதற்கப்புறம் அது இரண்டு தடவை சிவப்பு காட்டியிருக்கிறது, கூரை அப்படியே இருக்கிறது.

வாசலில் செல்லனின் மனைவி சாலம்மாள் புளி தட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி, சதையை விரிப்பில் வீசிக்கொண்டேயிருந்தாள். விரிப்பு, அந்த பேனர்தான். மின்னலை மடக்கிய மேதை மேல் புளி காய்ந்துகொண்டிருந்தது. மஞ்சள் தகடு மட்டும் கறை படியாமல் பளிச்சென்று தெரிந்தது.

"வா தம்பி" என்றார் செல்லன். "சேதி கேட்டதும் வரணும்னு கெளம்புனேன். பஸ்ஸு நின்னுபோச்சி அன்னிக்கி. அப்புறம் வர மொகமில்ல."

"பரவால்லைங்க."

"புள்ளகுட்டி இன்னாவது உண்டா அதுக்கு?"

"இல்லைங்க. இப்பதான் கல்யாணம் ஆச்சி."

சாலம்மாள் புளியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். ஜெயப்பிரகாஷ் வந்த விஷயத்தைச் சொன்னான். கேட்டு முடித்த செல்லன் கொஞ்சநேரம் மேகத்தைப் பார்த்தார்.

"அப்போ, அன்னிக்கி அன்பு மட்டுந்தான் வந்துச்சி. நீ வரல. அதானே?"

"அதாங்க."

"ஆனா நீயும் வந்த."

"வந்தேங்க."

"இங்கதான் குந்தினு இருந்த. அந்தத் தூண்ல சாஞ்சிக்கினு."

"ஆமாங்க."

"சரி, நீ வரலன்னே சொல்லிட்றேன். எனக்கின்னா. என் வூட்டக் காப்பாத்துன சாமான்." கைநாட்டு வைக்க எந்தக் கையைக் கேட்பார்களோ என்று வேட்டியில் கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்ட்டுச்சே" என்றாள் சாலம்மாள், தலை நிமிராமல்.

"இன்னாத்த?"

"ரெண்டு பேருந்தான் சாப்ட்டாங்க. சாமச்சோறும் மொச்சக் கொழம்பும். இந்தத் தம்பி ரெண்டாந்தரம் வாங்கிச்சி. சாப்ட்டதுமா இல்லன்னு சொல்லணும்?"

"ஏய், கெவுருமெண்டுல அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேக்கலன்னா சரி. நான் கேட்டேன்."

ஜெயப்பிரகாஷ் சிரிக்கப் பார்த்தான், வாய் மட்டும் விரிந்தது. முதல் தூறல் விழுந்தது. சாலம்மாள் எழுந்து பேனரின் ஒரு முனையைப் பிடித்தாள், செல்லன் ஒன்றை, அவன் ஒன்றை. நாலாவது முனை தரையில் இழுபட, புளியோடு சேர்த்துச் சுருட்டி உள்ளே இழுத்தார்கள். அவன் பிடித்திருந்த முனையில்தான் அடி வரிசைத் தலைகள் இருந்தன. கூலிங்கிளாஸ் மேல் ஒரு புளியங்கொட்டை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் எடுத்துப் போட்டான். மழை விடும்வரை இருந்து, செல்லனின் கைநாட்டை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

ஹியரிங் வீடியோ காலில். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேப்டாப்பை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்து, கல்யாணச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். கீழே லுங்கிதான். திரையில் ஒரு கட்டத்தில் ராமசாமி. இன்னொன்றில் உத்தரவு போடப்போகிற கன்ட்ரோலர், கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். தமிழிலேயே பேசலாம் என்றார். குரல் மென்மையாக இருந்தது.

ராமசாமி நன்றாகத்தான் வாதாடினார். அமெரிக்காவைத் தள்ளினார், சீனாவைத் தள்ளினார். மூன்றாவதுக்கு வந்ததும் அஃபிடவிட்டுகளைப் படித்தார்: விண்ணப்பதாரரின் சகோதரர், விண்ணப்பதாரரின் அறிவோ சம்மதமோ இன்றி, வரைபடத்தை எடுத்துச் சென்று வெளியிட்டுள்ளார். சகோதரரின் மனைவி உறுதி செய்கிறார். சம்பவ இடத்தில் இருந்தவர் உறுதி செய்கிறார். அந்த வாசகங்கள் கடைக்குள் பேக்கரி ரேடியோ மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. ஜெயப்பிரகாஷ் மேஜையில் கிடந்த கருகிய வில்லை ஒன்றை உருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை அந்த வீடியோவைப் பார்த்துடலாம்" என்றார் கன்ட்ரோலர்.

அவன் அதைத் திறந்து பார்த்ததே இல்லை. நோட்டீஸில் முகவரி இருந்தது, விரல் போகவில்லை. இப்போது திரை முழுக்க, வாசல் விளக்கு வெளிச்சத்தில், செல்லன் வீட்டுச் சுவர் வந்தது. பிறகு, மாசிக்கப்புறம் முதல்முறையாக, அந்தக் குரல்.

"வணக்கம் மக்களே! இப்ப நாம எங்க நின்னுக்கினு இருக்கோம்னா, இடி ஜாஸ்தி, கரண்டு கம்மி, அந்த மாதிரி ஒரு எடத்துல. இதோ பாருங்க, இதான் எங்கண்ணன் செஞ்சது. இதுக்கு நடுவுல மஞ்சளா ஒண்ணு தெரியுது பாருங்க, அது பிளாஸ்டிக்கு..."

"டேய், மைக்காடா" என்று படத்துக்கு வெளியே ஒரு குரல் கத்தியது. "பிளாஸ்டிக்குன்னு சொன்னா உருகிடும்னு நெனப்பாங்க. மைக்கான்னு சொல்லு."

கன்ட்ரோலர் வீடியோவை நிறுத்தினார். ராமசாமி தன் கட்டத்துக்குள் அசையாமல் இருந்தார். நெட் போய்விட்டதோ என்று தோன்றும்படி. அந்தக் குரல் யாருடையதாகவும் இருக்கலாம். செல்லனுடையது என்று சொல்லலாம். அவர் மறுக்கமாட்டார், அவருக்கென்ன.

"பின்னாடி பேசறது யாருன்னு தெரியுதா, மிஸ்டர் ஜெயப்பிரகாஷ்?"

"நான்தான் மேடம்."

ராமசாமி கண்களை மூடிக்கொண்டார்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் மேடம். படத்தையும் நான்தான் குடுத்தேன். தம்பி எதையும் எடுக்கல." கொஞ்சம் யோசித்து, "சட்டைய மட்டும் கேக்காம எடுப்பான்" என்றான். "அங்க சாப்ட்டேன் மேடம். ரெண்டாந்தரம் வாங்கி சாப்ட்டேன்."

கன்ட்ரோலர் எதுவோ எழுதினார். அஃபிடவிட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று ராமசாமியிடம் சொன்னார், திட்டாமல். உத்தரவு பிறகு வரும் என்றார். பிறகு, அது சட்டத்தில் இல்லாத ஒன்று, "உங்க தம்பி நல்லா பேசறாரு" என்றார். தம்பி உயிரோடு இல்லை என்று அஃபிடவிட்டிலேயே இருந்தது; அவர் அதைப் படித்தவர்தான்.

கொஞ்சநேரத்தில் ராமசாமி போன் செய்தார். "முடிஞ்சுதுங்க. இனி யாரு வேணும்னாலும் செய்யலாம். ஓசூர்க்காரன் உட்பட."

"செய்யட்டும் சார். ஆனா மைக்காவ வுட்டுட்டு எவனாவது பிளாஸ்டிக்கு போடுவான்."

"ஒரு வார்த்தை, தெரியலைன்னு சொல்லியிருக்கலாம்."

"என் கொரலு சார்" என்றான் ஜெயப்பிரகாஷ்.

வீட்டுக்குப் போனபோது வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று பெண்களும் முகத்தைப் பார்த்தார்கள். இல்லை என்று தலையாட்டினான். அவனாகவே சொன்னான்: "வீடியோவப் போட்டாங்க. பேசறான்."

தனுஷா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "அவரு பேச்சு இருக்குதா? போனுதான் போயிடுச்சே மாமா."

"யூடியூபுல இருக்குது. நாலு வருஷமா இருந்துக்கினுதான் இருந்துச்சி. எக்ஸாமினர் ஒருத்தரு தேடிக் கண்டுபுடிச்சிக் குடுத்திருக்காரு."

செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்தார்கள். இடி ஜாஸ்தி, கரண்டு கம்மி. பிளாஸ்டிக்கு. டேய், மைக்காடா. அங்கே நின்றுபோன வீடியோ, இங்கே நிற்கவில்லை. "ண்ணா, ரொம்பப் பேசற, நீயே வந்து சொல்லு" என்று அன்பு கேமராவைத் திருப்பினான்; அவனுடைய சட்டைக்கை ஒரு கணம் குறுக்கே வந்து போனது. தூணில் சாய்ந்திருந்த ஒருவன் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். அது யாரென்று ஜெயப்பிரகாஷுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிறகு திரை இருண்டது, அன்புவின் குரல் மட்டும், "போச்சா! மக்களே, கரண்டு பூட்ச்சி. மீதிய வந்ததும் சொல்றேன்."

அவ்வளவுதான் வீடியோ.

"யாரு சட்ட போட்டுக்கினு இருக்கான் பாரு" என்றாள் தைலம்மாள். பார்த்தார்கள். அண்ணனுடையதுதான்.

தனுஷா விரலால் மறுபடி முதலிலிருந்து வைத்தாள். மறுபடியும் கரண்டு போனது.

"அன்னிக்கி கரண்டு வந்துச்சா?" என்று கேட்டாள் தைலம்மாள்.

"வந்துச்சிம்மா."

"அப்புறம் மீதியச் சொன்னானா?"

"இல்லம்மா" என்றான் ஜெயப்பிரகாஷ். "சாப்டக் கூப்ட்டாங்க. போயிட்டோம்."